தெரியாததைப் பூச்சியம் என்று எழுதாதீர்கள்: நீரோடிக் கரையிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கரைப் பாதுகாப்புத் திட்ட அலுவலர்களுக்கும் பொறியாளர்களுக்கும்,

சென்ற மாதம் எங்கள் ஊர்த் தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் நீங்கள் நடத்திய கருத்துக்கேட்புக் கூட்டத்தில் மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்து கேள்வி கேட்டவள் நான். ஊர் நீரோடி. மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். உங்கள் திட்ட அறிக்கையில் கடல்மட்டம் பற்றிய பகுதியில் ஒரு வரி இருக்கிறது. துருவ நிலத்தை மூடிக் கிடக்கும் பெரும்பனியான பனித்தகடுகள் பற்றிய கணினி மாதிரிகள் ஒத்த முடிவுக்கு வராததால் அவற்றின் பங்கு கணக்கில் சேர்க்கப்படவில்லை என்று அது சொல்கிறது. ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டேன். மேடையிலிருந்த ஒருவர், "டீச்சர், அண்டார்டிக்கா எங்கே இருக்கு, நீரோடி எங்கே இருக்கு?" என்றார். சிலர் சிரித்தார்கள். நீங்கள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டீர்கள்.

அவர் கேட்டதற்கு அன்று என்னைப் பதில் சொல்ல விடவில்லை. இன்று சொல்கிறேன்.

தமிழ்நாட்டின் மேற்குக் கரையில் கடைசி ஊர் எங்களுடையது. அதைத் தாண்டினால் கேரளத்தின் பொழியூர். என் சிறுவயதில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே இரண்டு வரிசை வீடுகள் இருந்தன. அதற்கப்புறம் கரையில் நின்று கரைமடி வலை இழுக்கும் மணல். இப்போது எங்கள் வீடுதான் முதல் வரிசை. ஆனி, ஆடியில் கதவுக்கடியில் சாக்கு வைத்துவிட்டுத்தான் படுக்கிறோம். 2006 ஜூன் முதல் மாதத்துக்கு ஒருமுறை என் மாணவர்கள் கோயில் கொடிமரத்தடியிலிருந்து, அலை ஏறி நிற்கும் கோடு வரை டேப் பிடித்து அளந்து வருகிறார்கள். அன்றைய தூரத்தில் பாதிகூட இன்று இல்லை. அந்த நோட்டுகள் அன்று என் கையில்தான் இருந்தன. யாரும் வாங்கிப் பார்க்கவில்லை.

கரை அரிப்புக்குக் கடல்மட்டம் ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. மண் வரத்து குறைந்திருக்கிறது. ஒரு ஊரில் கடலுக்குள் நீளும் கற்சுவரான தூண்டில் வளைவு போட்டால் பக்கத்து ஊரில் மணல் போகிறது. எங்கள் பக்கத்துக் கல்லால் தங்கள் கரை போகிறது என்று பொழியூரில் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறேன். அந்த வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஐம்பது வருடம் நிற்க வேண்டும் என்று சொல்லி ஒரு சுவரை வடிவமைக்கும்போது, அந்த ஐம்பது வருடமும் தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கும் என்பதுதான் முதல் கணக்கு. அங்கே தவறினால் மேலே போடுகிற கல் எல்லாம் வீண்.

முதலில் தூரத்தைப் பற்றி. எங்கள் கரையில் கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு. உங்களுக்குத் தெரியாதது இல்லை. இங்கே காற்றே இருக்காது, வானம் வெளுத்திருக்கும், திடீரென்று கடல் பொங்கி வீட்டுக்குள் வரும். என் அப்பா ஆழ்கடலுக்குப் போனவர். "மக்களே, காத்தில்லாம கடலு ஏறுதுன்னா தெக்கே எங்கேயோ பெருங்காத்து அடிச்சிருக்கு, அதுதான் இங்க வந்து தட்டுது" என்று அவர் சொல்வார். அவர் சொன்னது சரி. தென்பெருங்கடலில், அண்டார்டிக்காவைச் சுற்றிய கடலில் எழும் புயல்களின் நீளலை சில நாட்கள் பயணம் செய்து இந்தக் கரையில் மோதுகிறது. கள்ளக்கடல் என்ற எங்கள் சொல்லையே 2012-இல் யுனெஸ்கோ அறிவியல் சொல்லாக ஏற்றுக்கொண்டது. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் இன்று அதற்கு முன்னெச்சரிக்கை தருகிறது. 2024 மே மாதத் தொடக்கத்தில் அப்படி எச்சரிக்கை இருந்த நாட்களில்தான் நம் மாவட்டக் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் போனார்கள். அந்தக் கடலுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று இந்தக் கரையில் யாரும் கேட்கமாட்டார்கள்.

அடுத்தது பனி. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, எங்கள் ஊர் என்று இந்தப் பக்கத்து விசைப்படகுகள் வாரக்கணக்கில் கடலில் கிடப்பவை. டன் டன்னாக ஐஸ் ஏற்றிக்கொண்டு போவார்கள். ஐஸ் எதனால் கரைகிறது என்று எங்கள் ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். வெயில் என்று சொல்லமாட்டார்கள். அடியில் தேங்கும் தண்ணீர் என்பார்கள். தேங்கிய தண்ணீரை இறைத்து வெளியேற்றாவிட்டால் மேலே எவ்வளவு மூடி வைத்தாலும் ஐஸ் நிற்காது. இதை வகுப்பிலும் செய்து காட்டுவேன். ஐஸ் கம்பெனியில் ஒரே அளவில் இரண்டு துண்டு வாங்கி, ஒன்றைக் கயிற்றில் தொங்கவிடுவோம், மற்றதைக் கடல்நீர் வாளியில் போடுவோம். வாளியில் போட்டது மறைந்த பிறகும் தொங்குவது பெரிதாகவே இருக்கும். காற்றைவிடத் தண்ணீர் வெப்பத்தைக் கொண்டுவந்து சேர்ப்பதில் அத்தனை வேகம்.

அண்டார்டிக்காவின் மேற்குப் பகுதியில் நடப்பதும் இதுதான். அங்கே காற்று உறைநிலைக்கு வெகு கீழே இருக்கிறது. மேலிருந்து பனி அதிகம் உருகுவதில்லை. ஆனால் அமுண்ட்சென் கடலில் பல நூறு மீட்டர் ஆழத்தில், சுமார் 1 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள ஆழ்கடல் நீர், பழைய பனியாறுகள் தோண்டிவைத்த பள்ளங்கள் வழியாக உள்ளே வருகிறது. 1 டிகிரி என்றால் நமக்குக் கை விறைக்கும் குளிர். உப்பு நீரின் உறைநிலை மேற்பரப்பிலேயே மைனஸ் 1.9 டிகிரி. ஆழம் கூடக் கூட அழுத்தத்தால் அது இன்னும் இறங்கும், ஆயிரம் மீட்டருக்கு முக்கால் டிகிரி அளவுக்கு. ஆக, பனியின் அடிவயிற்றைத் தொடும்போது அந்த நீர் உருகுநிலையைவிட மூன்று, நான்கு டிகிரி சூடாக இருக்கிறது. உருகிய நன்னீர் லேசானது. அது பனியின் அடிப்பரப்பை ஒட்டி மேலே ஏறும்போது, அதன் இடத்துக்குக் கீழிருந்து புதிய சூடான நீரை இழுத்துக்கொள்கிறது. இறைக்க ஆளில்லாத ஐஸ் அறை என்று எங்கள் ஆட்களுக்குச் சொன்னால் உடனே புரியும்.

பனியாறு கடலுக்குள் நீண்டு மிதக்கும் பகுதியான பனித்தட்டு உருகினால் கடல்மட்டம் ஏறாதே என்று கூட்டத்தில் உங்களில் ஒருவர் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. மிதப்பதைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரி. ஆனால் அந்தத் தட்டு, பின்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் பனியாற்றை முட்டுக் கொடுத்துத் தாங்கி நிற்கிறது. முட்டு போனால் பின்னாலிருப்பது வேகமாக இறங்கும். 2002-இல் அண்டார்டிக்காவின் லார்சன் பி என்ற பனித்தட்டில் சுமார் 3,250 சதுர கிலோமீட்டர் ஏறக்குறைய ஒரே மாதத்தில் நொறுங்கியது. நம் கன்னியாகுமரி மாவட்டம் முழுவதையும்விட அது பெரிது. அது நொறுங்கிய பிறகு பின்னாலிருந்த பனியாறுகள் பல மடங்கு வேகமெடுத்தன.

மேற்கு அண்டார்டிக்காவின் த்வைட்ஸ் என்ற பனியாற்றின் கதை இதைவிடக் கவலை தருவது. அது சுமார் 120 கிலோமீட்டர் அகலம். அதன் படுகை கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது, உள்ளே போகப் போக இன்னும் ஆழமாகிறது. பனி தரை தட்டி நிற்கும் கோடு பின்வாங்கினால் அது ஆழமான இடத்துக்குப் போகும். ஆழம் கூடினால் பனியின் தடிமன் கூடும், தடிமன் கூடினால் கடலுக்குள் தள்ளப்படும் பனியும் கூடும். 1970-களிலேயே வீர்ட்மன், மெர்சர் போன்ற அறிஞர்கள் இந்த ஆபத்தை எழுதிவிட்டார்கள். த்வைட்ஸ் ஒன்று முழுதாகப் போனாலே உலகக் கடல்மட்டம் 65 சென்டிமீட்டர் ஏறும்.

கடலின் வெப்பம்தான் பனியை ஆட்டிவைக்கிறது என்பதற்கு வடக்கேயும் சான்று உண்டு. கிரீன்லாந்தின் யாகோப்ஸ்ஹாவ்ன் பனியாற்றுப் பக்கம் 1997-இல் சூடான நீர் வந்து சேர்ந்தது. மிதந்த நாக்கு உடைந்தது, ஆறு வேகமெடுத்தது. 2016 வாக்கில் அங்கே வந்த நீர் கொஞ்சம் குளிர்ந்தபோது அதே ஆறு வேகம் குறைந்து முகப்பில் மறுபடி தடித்தது. நாசா அதை அளந்து வெளியிட்டிருக்கிறது. அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. தண்ணீர் ஒன்றிரண்டு டிகிரி இப்படியும் அப்படியும் போனதற்கு ஒரு பெரிய பனியாறே மறுமொழி சொல்கிறது!

சரி, மாதிரிகள் ஒத்துப்போகவில்லை என்கிறீர்கள். உண்மைதான். ஏன் ஒத்துப்போகவில்லை என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உலகக் காலநிலையைக் கணிக்கும் பெரிய மாதிரிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பனித்தட்டின் அடியிலிருக்கும் குகை தெரியாது. அவற்றின் கட்டங்கள் அத்தனை பெரியவை. அதனால் வெளிக்கடலின் வெப்பத்தை எடுத்து, உறைநிலைக்கும் அதற்குமுள்ள வித்தியாசத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உருகல் கூடும் என்பது போன்ற ஒரு சூத்திரத்தால் அடிப்பகுதி உருகலை மதிப்பிடுகிறார்கள். தரை தட்டும் கோட்டின் நகர்வைச் சரியாகப் பிடிக்க, அதன் அருகில் ஒரு கிலோமீட்டர் அல்லது அதற்கும் நுண்ணிய கட்டம் தேவைப்படுகிறது. பனிக்குக் கீழே பாறையா சேறா, எவ்வளவு வழுக்கும் என்பது பல இடங்களில் ஊகம்தான். இதையெல்லாம் ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு விதமாக எடுத்துக்கொள்கிறது. விடை வேறுபடுவது இதனால்தான்.

2020-இல் பல நாட்டுக் குழுக்களின் மாதிரிகளை ஒன்றாக வைத்து ஒப்பிட்ட ஆய்வு வந்தது. புகை வெளியீடு மிக அதிகமாகத் தொடர்ந்தால் 2100-க்குள் அண்டார்டிக்கா கடல்மட்டத்தை 30 சென்டிமீட்டர் வரை உயர்த்தலாம் என்றது ஒரு முனை. பனிப்பொழிவு கூடி சுமார் 8 சென்டிமீட்டர் குறைக்கவும் செய்யலாம் என்றது மறுமுனை. இந்த இரண்டு முனைகளைப் பார்த்துவிட்டுத்தான் அந்த வரியை எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பார்த்ததில் தவறில்லை, அதிலிருந்து எடுத்த முடிவைத்தான் நான் ஏற்கவில்லை. அளந்து தெரிந்ததும் இருக்கிறதே? 1992 முதல் 2020 வரை கிரீன்லாந்தும் அண்டார்டிக்காவும் சேர்ந்து இழந்த பனி கடல்மட்டத்தை 21 மில்லிமீட்டர் உயர்த்தியதாகச் செயற்கைக்கோள் அளவுகள் சொல்கின்றன. பல மாதிரிகளில் இது ஒன்று என்று ஒதுக்க முடியாது, நடந்து முடிந்த கணக்கு இது.

மாதிரி தவறலாம், எந்தப் பக்கமும் தவறலாம். 2020 ஜனவரியில் அமெரிக்க, பிரிட்டன் ஆய்வாளர்கள் த்வைட்ஸ் பனியில் கிட்டத்தட்ட 600 மீட்டர் ஆழத்துக்குச் சுடுநீரால் துளையிட்டு, ஐஸ்ஃபின் என்ற நீள் குழல் போன்ற ரோபோவை உள்ளே இறக்கினார்கள். 2023-இல் முடிவுகள் வந்தன. தட்டையான இடங்களில் உருகல் எதிர்பார்த்ததைவிட மெதுவாக இருந்தது. அங்கே நன்னீர் ஒரு படலமாகத் தங்கிச் சூட்டைத் தடுத்திருக்கிறது. ஆனால் விரிசல்களிலும் படிக்கட்டுப் போன்ற சரிவுகளிலும் உருகல் வேகமாக இருந்தது. மெதுவாக உருகும் அதே இடத்தில் தரை தட்டும் கோடு பின்வாங்கிக்கொண்டும் இருக்கிறது. உருகலின் சராசரி குறைவு என்று மகிழ முடியாதபடி அதன் வடிவம் மோசமாக இருக்கிறது. அதே ஆண்டு வந்த இன்னொரு மாதிரி ஆய்வு, அமுண்ட்சென் கடல் இந்த நூற்றாண்டில் முந்தைய நூற்றாண்டைவிட மூன்று மடங்கு வேகத்தில் சூடாகும் என்றும், புகை வெளியீட்டை எவ்வளவு குறைத்தாலும் அதைப் பெரும்பாலும் தவிர்க்க முடியாது என்றும் சொன்னது.

தெரியாது என்பதற்குப் பூச்சியம் என்று பொருள் கிடையாது. என் அப்பா பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கும் தங்கலுக்குக் கிளம்பும்போது எத்தனை நாளில் திரும்புவோம் என்று அவருக்குத் தெரியாது. பதினைந்து நாளா, இருபத்தைந்து நாளா என்று மீனும் காற்றும்தான் சொல்லும். அதற்காகக் குடிதண்ணீர் ஏற்றாமல் போனதில்லை. நாள் தெரியாததனால்தான் கூடுதலாக ஏற்றுவார். 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் வந்தபோது இந்த ஊர்களிலிருந்து போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. எச்சரிக்கை எங்களை வந்து சேரும்போது நேரம் கடந்திருந்தது. எச்சரிக்கை தாமதமானால் என்ன ஆகும் என்பதை நாங்கள் கல்லறைத் தோட்டத்தில் எழுதி வைத்திருக்கிறோம். பனித்தகட்டைப் பற்றிய எச்சரிக்கை ஐம்பது வருடம் முன்னாலேயே வந்துவிட்டது. அதைக் கணக்கில் சேர்க்காமல் விட உங்களுக்கு என்ன காரணம் இருக்கிறது?

உங்கள் அறிக்கை கொச்சியின் பழைய கடல்மட்டப் பதிவை எடுத்து, அதே சரிவில் ஒரு நேர்கோட்டை 2075 வரை நீட்டியிருக்கிறது. உலகக் கடல்மட்டம் 1901 முதல் 1971 வரை ஆண்டுக்கு 1.3 மில்லிமீட்டர் ஏறியது. 2006 முதல் 2018 வரை 3.7 மில்லிமீட்டர். காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. அறிவியல் குழு 2021 அறிக்கையில் தந்த எண்கள் இவை. என் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இந்த இரண்டு புள்ளியைப் பார்த்தால் நேர்கோடு போடமாட்டார்கள். அதே அறிக்கை, 2100-க்குள் மிகக் குறைந்த வெளியீட்டில் 28 முதல் 55 சென்டிமீட்டர், மிக அதிக வெளியீட்டில் 63 சென்டிமீட்டர் முதல் 1.01 மீட்டர் என்று வரம்புகளைத் தந்தது. பனித்தகடுகளில் நமக்கு இன்னும் சரியாகப் பிடிபடாத நிகழ்வுகள் கைமீறினால் 2 மீட்டரை நெருங்குவதையும் தள்ளிவிட முடியாது என்றது. வாய்ப்புக் குறைவு, விளைவு பெரிது என்று சொல்லித்தான் அதை எழுதினார்கள். எழுதாமல் விடவில்லை.

எங்களைப் போன்றவர்களுக்கு இன்னொரு பாதகமும் உண்டு. இது பலருக்குத் தெரிவதில்லை. அவ்வளவு பெரிய பனி தன் ஈர்ப்பால் கடலைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி குறைந்தால் அந்த இழுப்பும் குறையும். பனிக்கு அருகில் கடல் இறங்கும், தூரத்தில் சராசரியைவிடக் கூடுதலாக ஏறும். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறோம். அண்டார்டிக்கா எங்கே, நீரோடி எங்கே என்று கேட்டவருக்கு இதைத்தான் சொல்ல விரும்பினேன். தூரத்தில் இருப்பதனாலேயே எங்களுக்கு அதிகம் வருகிறது.

இந்தியா இந்த அறிவுக்கு வெளியே நிற்கும் நாடும் இல்லை. அண்டார்டிக்காவில் 1989 முதல் மைத்ரி நிலையமும் 2012 முதல் பாரதி நிலையமும் நமக்கு இருக்கின்றன. துருவ ஆய்வு மையம் கோவாவில் இருக்கிறது. கடல்சார் நிறுவனங்கள் சென்னையிலும் ஹைதராபாத்திலும் இருக்கின்றன. ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருந்தால் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள்.

நான் கேட்பவை இவை. அறிக்கையின் கடல்மட்டப் பகுதியைத் திரும்பப் பெற்று, ஒற்றை எண்ணுக்குப் பதிலாக ஒரு வரம்பை வைத்து மறுபடி எழுதுங்கள். அந்த வரம்பில் பனித்தகடுகளின் பங்கு தனி வரியாக, எந்த மாதிரியிலிருந்து எடுத்தது என்ற விவரத்தோடு இருக்க வேண்டும். 1 மீட்டர் வந்தால் எந்தத் தெரு, 2 மீட்டர் வந்தால் எந்தத் தெரு என்று இந்தப் பக்கத்து எட்டு ஊர்களுக்கும் வரைபடம் போடுங்கள். அந்த மட்டத்தின் மேல் அமாவாசை, பௌர்ணமியின் பெருவெள்ளக் கடலும் கள்ளக்கடலும் ஒன்றாக வந்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். எங்களை அடிப்பது சராசரிக் கடல் இல்லை, அந்த ஒரு இரவுதான்.

சுவர்தான் முடிவு என்றால், பின்னால் உயர்த்திக் கட்டத் தாங்கும் அடித்தளத்தோடு கட்டுங்கள். கடல்மட்டம் எந்த அளவைத் தொட்டால் உயர்த்துவீர்கள், எந்த அளவைத் தொட்டால் எங்களை எங்கே குடியமர்த்துவீர்கள் என்பதை இப்போதே எழுத்தில் தாருங்கள். குடியமர்த்துவது என்ற சொல்லைச் சொல்ல எனக்கே நெஞ்சு அடைக்கிறது. ஆனாலும் அது எழுதப்பட வேண்டும், கடலுக்கு நடக்கிற தூரத்துக்குள் என்று எழுதப்பட வேண்டும். கேரளத்துப் பொறியாளர்களோடு உட்கார்ந்து பொழியூரையும் நீரோடியையும் ஒரே கரையாக எடுத்துக் கணக்குப் போடுங்கள். தேங்காப்பட்டணத்திலோ அதற்கு அருகிலோ கடல்மட்டக் கருவி ஒன்று நிரந்தரமாக வேண்டும், அதன் பதிவுகள் எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதிய ஆய்வுகளை வைத்து இந்த எண்களைத் திருத்த வேண்டும். முழு அறிக்கையும் தமிழில் பங்கு அலுவலகத்திலும் ஊராட்சியிலும் கிடைக்க வேண்டும்.

எங்கள் பிள்ளைகளின் நோட்டுகளை நகலெடுத்து அறிக்கையோடு பின்னிணைப்பாகச் சேருங்கள். பத்தொன்பது மாணவர் குழுக்கள் மாறிமாறி, மழையிலும் போய் அளந்தவை அவை.

மறு கூட்டத்தை ஜூலை 31-க்குள் வையுங்கள். மேற்குக் கரைத் தடைக்காலம் அன்றோடு முடிகிறது. அதற்கப்புறம் ஆண்கள் கொச்சிக்குப் போய்ப் படகேறிவிடுவார்கள், ஊரில் பெண்களும் பிள்ளைகளும் வயதானவர்களும்தான் இருப்போம். இப்போது எல்லோரும் வீட்டில் இருக்கிறார்கள். நாளைக் குறித்து பங்கு அலுவலகத்துக்குச் சொல்லி அனுப்பினால் போதும், மண்டபத்தைத் திறந்து வைக்கிறோம். வரும்போது அந்தக் கடல்மட்டக் கணக்கைப் போட்டவரையும் அழைத்து வாருங்கள்.

இப்படிக்கு,
நீரோடியிலிருந்து ஓர் இயற்பியல் ஆசிரியை